ஹைஃபா வெஹ்பேயைக் கேட்கத் தொடங்குவது எப்படி? அரபு பாப்புக்குப் புதியவர்களுக்குப் படிப்படியாக

அரபு பாப் பக்கம் புதிதாக எட்டிப் பார்ப்பவர்கள் முன்னால் யூடியூப் சீக்கிரமே கொண்டுவந்து நிறுத்தும் முகங்களில் ஒன்று லெபனான் பாடகியும் மாடலுமான ஹைஃபா வெஹ்பே. நாலு வீடியோ பார்த்துவிட்டு, "அழகிதான், குரல் சுமார்" என்று பலரும் நகர்ந்துவிடுவார்கள். குரலைப் பற்றி நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் 2002இல் முதல் ஆல்பம் போட்ட ஒருவர் இத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பது அந்த நாலு வீடியோவில் தெரியாது.

என் கட்சி இதுதான்: அவரை லெபனான் பாடகி என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். அவர் பெய்ரூட்டில் மாடலாகி கெய்ரோவில் நட்சத்திரமானவர். எந்தப் பாட்டு எந்த ஊர்ப் பேச்சில் வந்தது என்று கவனித்துக்கொண்டே போனால் மற்றதெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். கணக்குத் திறப்பது, பிளேலிஸ்ட் போடுவது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், நேராக விஷயத்துக்குப் போகலாம்.

படி 1: பெயரை அரபு எழுத்தில் தேடுங்கள்

ஆங்கில எழுத்தில் ஹைஃபா என்று அடித்தால் இஸ்ரேலின் துறைமுக நகரமும் சேர்ந்து வரும். அவர் குடும்பப் பெயருக்கும் ஆங்கிலத்தில் ஏகப்பட்ட எழுத்துக்கூட்டல்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு குப்பையை அள்ளி வரும். அரபியில் அந்த ஊரின் பெயரும் இவர் பெயரும் வேறு வேறு எழுத்தில் தொடங்குவதால் இந்தக் குழப்பமே கிடையாது. விக்கிப்பீடியா பக்கத்தின் முதல் வரியில் அரபுப் பெயர் இருக்கும். அதை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டுப் பெயர்களுக்கு யம்லி என்ற இணையத்தளம் போதும். ஆங்கில எழுத்தில் அடித்தால் அரபு எழுத்தாக மாற்றித் தரும். கைபேசியில் அரபு விசைப்பலகை போட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடுவது எனக்குப் பொறுமையைச் சோதிக்கும் வேலை.

பின்னூட்டங்களில் ரசிகர்கள் ஆங்கில எழுத்துக்கு நடுவே 7, 3, 2 என்று எண்களைப் போட்டிருப்பார்கள். எழுத்துப்பிழை இல்லை அது. ஆங்கிலத்தில் இல்லாத அரபு ஒலிகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் அடையாளம். ஹபீபியின் முதல் எழுத்துக்கு 7.

படி 2: பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள்

தெற்கு லெபனானில் மஹ்ரூனா என்ற ஊர். அப்பா லெபனான், அம்மா எகிப்து. இந்த ஒரு தகவலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும். பிறந்த நாள் மார்ச் 10. வருடம் 1972 என்றும் 1976 என்றும் இரண்டு விதமாகக் கிடைக்கும், அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அவர் வளர்ந்த காலம் முழுக்க உள்நாட்டுப் போர் (1975 முதல் 1990 வரை). 1982இல் இஸ்ரேல் படையெடுத்தபோது அண்ணனை இழந்த குடும்பம். 16 வயதில் தெற்கு லெபனான் அழகிப் பட்டம், அப்புறம் மாடலிங். 1990களின் நடுவில் எல்பிசி, ஃப்யூச்சர் டிவி போன்ற பெய்ரூட் தொலைக்காட்சிகள் செயற்கைக்கோள் வழியாக அரபு நாடுகள் முழுவதற்கும் போகத் தொடங்கின. சவுதி இளவரசர் அல்வலீத் பின் தலாலின் ரோத்தானா நிறுவனம் பாட்டையும் இசைச் சேனல்களையும் பெரிய அளவில் நடத்தியது. முகம் பெய்ரூட்டிலிருந்து, பணம் வளைகுடாவிலிருந்து, கூட்டம் எகிப்திலிருந்து. ஒரு மாடல் பாடகியாவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

படி 3: ஆல்பங்களை வரிசையாகக் கேளுங்கள்

2002இல் 'ஹுவ்வ அஸ்ஸமான்'. அதில் 'அகூல் அஹ்வாக்' பாட்டுதான் அவரை ஊரறியச் செய்தது. 2005இல் 'பத்தி ஈஷ்', 2008இல் 'ஹபீபி அனா', 2010இல் குழந்தைகளுக்கான 'பேபி ஹைஃபா', 2012இல் 'மலிகத் ஜமால் அல்கவ்ன்', 2018இல் 'ஹவ்வா'. முதல் இரண்டையும் முழுதாகக் கேளுங்கள். 2012ஆம் ஆண்டு ஆல்பம் என் விருப்பம், தயாரிப்புத் தரம் ஒரேயடியாக ஏறியிருக்கும். மற்றவற்றில் தலைப்புப் பாட்டு மட்டும் போதும்.

2006இல் வந்த 'பூஸ் எல் வாவா'வில் தொடங்காதீர்கள். யூடியூப் அதைத்தான் முதலில் நீட்டும். காயம்பட்ட இடத்துக்கு முத்தம் கேட்கும் மழலைப் பேச்சுப் பாட்டு அது. அதை மட்டும் பார்த்தால் மனதில் ஒரு ஹைஃபா பதிந்துவிடுவார், பிறகு மாற்றுவது கஷ்டம்.

படி 4: எந்த ஊர்ப் பேச்சு என்று கண்டுபிடியுங்கள்

இங்கேதான் நான் வெகுநாள் மாட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு வரிகளைக் கூகுள் மொழிபெயர்ப்பில் போட்டால் பாதி வரி உளறலாக வரும். பாட்டில் இருப்பது செய்தித்தாள் அரபியல்ல, பேச்சு அரபி. அதிலும் லெபனான் பேச்சு வேறு, எகிப்துப் பேச்சு வேறு. எது என்று தெரிந்துவிட்டால் ரசிகர்கள் மொழிபெயர்த்துப் போடும் லிரிக்ஸ் ட்ரான்ஸ்லேட் தளத்தில் சரியான மொழிபெயர்ப்பைப் பொறுக்கி எடுக்கலாம். இதற்குக் கூகுளைவிட அந்தத் தளமே மேல்.

கண்டுபிடிக்க இலக்கணம் வேண்டாம், சில சொற்களைக் காதில் வாங்கினால் போதும். யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். 'என்ன' என்பதற்கு 'ஷூ' என்றால் லெபனான், 'ஏ' என்று இழுத்தால் எகிப்து. 'எங்கே' என்பது 'வேன்' என்றால் லெபனான், 'ஃபேன்' என்றால் எகிப்து. 'வேண்டும்' என்பதற்கு 'பத்தி' என்பது லெபனான். 2005 ஆல்பத்தின் தலைப்பே அதுதான், வாழ வேண்டும் என்கிறார். எகிப்தியப் பெண் என்றால் 'ஆய்ஸா' என்பாள்.

'ரகப்' பாட்டைக் கேளுங்கள். உன் நண்பனை என்னிடமிருந்து தள்ளி நிறுத்து என்று ரகப் என்பவனிடம் முறையிடும் பாட்டு. மற்ற அரபிகள் ரஜப் என்று சொல்லும் பெயர் அது. கெய்ரோப் பேச்சில் ஜ வராது, 'ராகம்' என்பதில் வரும் க-வாகத்தான் ஒலிக்கும். பெய்ரூட்காரி கெய்ரோத் தெருப் பேச்சில் செல்லமாகச் சண்டை போடுகிறார், எகிப்தும் அதை ரசித்தது. அம்மா எகிப்து என்பதை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்ப் பேச்சு அவரையே ஒருமுறை பதம் பார்த்தது. 2009இல் 'பாபா ஃபேன்' என்ற குழந்தைப் பாட்டு. தலைப்பிலேயே எகிப்து தெரிகிறது. அதில் நூபியக் குரங்கு என்று ஒரு சொல் வந்தது. எகிப்தின் தெற்கே வாழும் கறுப்பின மக்களான நூபியர்கள் கொதித்துப் போனார்கள், வழக்குகள் வந்தன. ஹைஃபா மன்னிப்புக் கேட்டார். வரியை எழுதியவர் எகிப்தியர், அது குழந்தைகள் விளையாட்டு ஒன்றின் பெயர் என்று தனக்குச் சொல்லப்பட்டது என்பது அவர் விளக்கம். விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும், அந்த வரி ஒலிப்பதிவுக் கூடத்தைத் தாண்டியிருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

பிற்சேர்க்கை: ரகப் கணக்கை வைத்துக்கொண்டு, 'அகூல் அஹ்வாக்' பாட்டிலும் அதே க கேட்கிறதே, அதுவும் எகிப்தா என்று ஷார்ஜாவிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இல்லை, அங்கே மூல எழுத்தே வேறு. தொண்டையின் அடியிலிருந்து வரும் காஃப் என்ற எழுத்தை வளைகுடாக்காரர்கள் அப்படி ஒலிப்பார்கள். கெய்ரோவிலும் பெய்ரூட்டிலும் அந்த எழுத்தை விழுங்கிவிடுவார்கள். ஆகவே க-வை மட்டும் நம்பாதீர்கள், 'ஷூ', 'ஏ' சோதனையை முதலில் செய்யுங்கள்.

படி 5: திரைக்கு வாருங்கள்

படம், தொடர் விவரங்களுக்கு எல்சினிமா தளம்தான். அரபுத் திரையுலகுக்கு அதற்கு மேல் ஒன்றை நான் பார்த்ததில்லை. முதலில் 2009இல் காலித் யூசுஃப் இயக்கிய 'துக்கான் ஷிஹாத்தா'. மாடலை நடிக்க வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்தோடு உட்காருங்கள், பரவாயில்லை என்றுதான் எழுந்திருப்பீர்கள்.

அடுத்து 2014இன் 'ஹலாவத் ரூஹ்'. அப்போதைய எகிப்துப் பிரதமர் இப்ராஹிம் மஹ்லபே தலையிட்டுத் திரையரங்குகளிலிருந்து படத்தை இறக்கச் சொன்னார். பின்னர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தொடர்களில் 2015இன் 'மரியம்', 2017இன் 'அல் ஹிர்பாயா' இரண்டும் தொடக்கத்துக்குப் போதும். ரமலான் மாதத்துக்கென்று எடுப்பவை, நாளுக்கொரு பகுதி என்று 30 பகுதி ஓடும். பேச்சு எகிப்துதான், நாலாவது படி இங்கே கைகொடுக்கும்.

படி 6: சர்ச்சைகளை இப்படிப் படியுங்கள்

தலைப்பை மட்டும் படிக்காதீர்கள். யார் எதிர்த்தார்கள், அவர்களுக்கு என்ன அதிகாரம், கடைசியில் என்ன நடந்தது என்று மூன்றையும் பாருங்கள். 2008இல் அவர் நிகழ்ச்சியைத் தடுக்க வேண்டும் என்று பஹ்ரைன் நாடாளுமன்றத்தில் தீர்மானமே போட்டார்கள். "பஹ்ரைனில் தடை" என்று பல இடங்களில் இன்னும் அப்படியே கிடக்கிறது. நிகழ்ச்சி நடந்தது. வழக்கத்தைவிட அடக்கமான உடையில் வந்து பாடிவிட்டுப் போனார்.

பிற்சேர்க்கை 2: இவருக்குப் பதில் நான்சி அஜ்ரமில் தொடங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாக. பாட்டு மட்டும்தான் வேண்டும் என்றால் நான்சிதான் சுலபம், அவரும் லெபனானிலிருந்து வந்து எகிப்துப் பேச்சில் ஹிட் கொடுத்தவர். நாலாவது படி அவருக்கும் அப்படியே செல்லும், ஐந்தாவதை விட்டுவிடுங்கள்.