முகவரி கேட்டே விரட்டி விடுகிறோம்

வீடற்ற பிள்ளை என்றதும் ரயில்வே பிளாட்பாரம்தான் நினைவுக்கு வருகிறது. நம் ராமநாதபுரம் கடலோரத்தில் வீடில்லாமை அவ்வளவு பளிச்சென்று தெரியாது. சாயல்குடிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பம் தார்ப்பாய்க் கொட்டகையில் இருக்கும். வேலை முடிந்தால் அடுத்த காட்டுக்குப் போய்விடும். கடல் அரித்துக் குடிசையை இழந்தவர்கள் உறவுக்காரர் திண்ணையில் படுத்திருப்பார்கள். "அதான் சொந்தக்காரங்க வீடு இருக்கே" என்று இந்தப் பிள்ளைகளைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவது ஆசிரியர்களாகிய நாம் செய்யும் முதல் தவறு.

பெரிய தவறு பள்ளியில் சேர்க்கும்போது கேட்கும் காகிதத்தில் நடக்கிறது. "டி.சி. கொண்டு வா, ஆதார் கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினால், அந்த அம்மா திரும்பி வரமாட்டார். அவருக்கு ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். 2009 கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது (பிரிவு 14). டி.சி. வரத் தாமதமானாலும் சேர்க்கையை நிறுத்தக் கூடாது; டி.சி. கொடுக்கத் தாமதிக்கும் தலைமையாசிரியர்மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம் (பிரிவு 5). சேர்க்கைக் காலம் முடிந்து கார்த்திகையில் வந்து நின்றாலும் சேர்க்கத்தான் வேண்டும் (பிரிவு 15). நடைமுறையில் சிக்கல், மாணவர் விவரங்களை ஏற்றும் அரசின் இணையப் பதிவான எமிஸில்தான். பழைய பள்ளி, பிள்ளையின் பெயரைக் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) விடவில்லை என்றால் புதிய பள்ளியால் ஏற்ற முடியாது. அதற்கு ஒரு போன் போதும். அந்தப் போனை நாம் செய்ய வேண்டும், பிள்ளையின் அப்பா அல்ல.

வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துவிட்டு (அதுவும் சட்டம்தான், பிரிவு 4) கடைசி பெஞ்சில் மறந்துவிடுவதும் நடக்கிறது. விட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

தாமதமாக வருபவரை வாசலில் நிறுத்துவதை நான் ஏற்கவே மாட்டேன். ஐந்தாம் வகுப்பு வரை அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு உண்டு. வெளியே நிற்கும் பிள்ளைக்கு அதுவும் போச்சு.

ஒரு முறை மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று திட்டிவிட்டேன். பதில் பேசாமல் பையைத் திறந்தான். சிமென்ட் சாக்கில் தைத்த பை. உள்ளே நோட்டின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம் மாதிரி விறைத்திருந்தன. எழுதியிருந்த நீல மை முழுக்கக் கரைந்து கிடந்தது. ராத்திரி மழையில் கொட்டகை ஒழுகியிருக்கிறது. அன்றிலிருந்து அவன் நோட்டெல்லாம் வகுப்பு அலமாரியிலேயே இருந்தன. எழுத வேண்டியதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினான். செலவு ஒன்றும் இல்லை.

இலவசப் பையைக் கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதைப் பற்றி என்ன சொல்ல? மறுநாள் வகுப்பில் அவனுக்கு அதுவே பட்டப்பெயர்.

எடுத்த எடுப்பில் "விடுதியில் சேர்த்துவிடுங்கள்" என்பதும் வேண்டாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண் பிள்ளைக்கு அது தீர்வாகாது. அம்மாவிடம் பேசிய பிறகே அந்தப் பேச்சு. துணை யாருமே இல்லாத பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு உடனே அழைக்க வேண்டும்.

இன்னொன்று, குடும்பம் கிளம்பும் நாள். சொல்லாமல் போய்விட்டார்கள் என்று குறை சொல்கிறோம். சேரும் அன்றே எமிஸ் எண்ணையும் பள்ளி போன் எண்ணையும் ஒரு அட்டையில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்வார்.