நனவின் ஒருமையை விளக்குகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் அட்டன் பக்கத்துத் தேயிலை மலையொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, தளிரின் இளம்பச்சையும், காற்றில் அது அசைவதும், விரல்நுனியில் அது ஒடிவதும், நெற்றியில் அழுந்தும் கூடைக் கயிறும் ஒரே அனுபவமாகவே தோன்றுகின்றன. அனுபவம் ஒன்றாக இருப்பதால், மூளைக்குள்ளும் இவையனைத்தும் ஓரிடத்தில் வந்து குவிய வேண்டும் என்று எண்ணுவதே முதல் தவறு. உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பிக்கும் எனக்கு, ஆண்டுதோறும் மாணவர்களின் விடைகளில் எதிர்ப்படும் தவறும் இதுவே. குவிந்தவற்றைப் பார்க்க உள்ளே ஒருவர் இருக்கிறார் என்றால், அவருக்குள் இருந்து பார்ப்பவர் யார் என்ற கேள்வி முடிவின்றி நீளும்.

உண்மையில், நிறத்தையும் அசைவையும் பார்வைப் புறணியின் (பார்வையைக் கையாளும் மூளை மேற்பரப்பின்) வெவ்வேறு பகுதிகளே முதன்மையாகக் கையாளுகின்றன. 1983இல் ஜெர்மனியிலிருந்து ஒரு பெண்ணின் நிலை பதிவாயிற்று. மூளையின் பின்பகுதியில் இருபுறமும் நேர்ந்த சேதத்தால், அவர் நிறத்தையும் உருவத்தையும் கண்டார். அசைவை மட்டும் ஏறக்குறைய இழந்திருந்தார். கோப்பையில் தேநீரை ஊற்றினால் அது உறைந்து நிற்பதுபோலவே தெரிந்தது. மட்டம் உயர்வது புலப்படாததால், ஊற்றுவதை எப்போது நிறுத்துவதென்றும் அவருக்குத் தெரியவில்லை. உயரத் தூக்கி ஆற்றும் தேநீரின் தாரையை நாளெல்லாம் பார்த்து வளர்ந்த நமக்கு, அந்த இழப்பின் கொடுமை எளிதில் விளங்கும்.

பிரிந்து நிகழும் இவ்வேலைகளை எது இணைக்கிறது என்று கேட்டவுடன், நரம்பணுக்களின் ஒத்திசைவே நனவு (விழிப்போடு அனுபவத்தை உணரும் நிலை) என்று முடித்துவிடுவது அடுத்த தவறு. ஒரே பொருளுக்குத் துலங்கும் நரம்பணுக்கள் நொடிக்கு 40 முதல் 60 முறை வரை ஒருசேரத் துடிப்பதை 1989இல் கிரே, சிங்கர் உள்ளிட்ட நரம்பியல் ஆய்வாளர்கள் காட்டினர். ஒன்றாய் நகரும் பொருளின் கூறுகள் அவ்வாறு பிணைக்கப்படலாம் என்பது வலுவான கருதுகோள்தான். ஆயினும் அந்த ஒத்திசைவு காணப்பட்டது மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பூனைகளில் என்பதை நான் அழுத்தியே சொல்வேன்: நினைவிழந்த மூளையிலும் தோன்றக்கூடிய ஒன்று, தனித்து நின்று நனவை உண்டாக்கப் போதாது.

நரம்பணுக்களின் எண்ணிக்கையே நனவைத் தருகிறது என்று நம்புவதும் பிழையே. மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி சிறுமூளையில் உள்ளன. இருந்தும், சிறுமூளையின்றிப் பிறந்த சிலர், நடையும் பேச்சும் தடுமாறினாலும், நனவோடு வாழ்ந்திருக்கின்றனர்.