வேரிசைக்கு ஒரு ஓப்பன் மைக்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

அமெரிக்காவில் ‘ரூட்ஸ் மியூசிக்’ என்றால் அது ஒரே இசை அல்ல. அப்பலாச்சிய மலையூர்களின் ஓல்ட்-டைம் ஃபிடில் (நம் வயலினேதான்) இசை, புளூகிராஸ், மிசிசிப்பியின் புளூஸ், தேவாலயங்களின் காஸ்பல், லூசியானாவின் கேஜன், ஸைடிகோ எல்லாம் அதில் அடக்கம். தமிழில் வேரிசை என்று சொல்லிக்கொள்ளலாம். தாளில் எழுதிப் படித்ததைவிட, தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து காதால் பிடித்துக்கொண்டதுதான் இதில் அதிகம்.

வட கரோலினாவின் மெபேன் ஊர்க்காரரான ஜோ தாம்சன், கறுப்பினத்தவரின் பழைய ஸ்ட்ரிங் பேண்ட் (கம்பிக் கருவிக் குழு) மரபில் வந்த கடைசி ஃபிடில் கலைஞர்களில் ஒருவர். 2005-இல் பூன் நகரில் நடந்த கறுப்பின பாஞ்சோ (தோல் போர்த்திய வட்ட உடல் கொண்ட கம்பிக் கருவி) கலைஞர்களின் கூடுகைக்குப் பிறகு, இளைஞர்கள் சிலர் வாரந்தோறும் அவர் வீட்டுக்குப் போய் அவரோடு உட்கார்ந்து வாசித்தார்கள். அப்போது அவருக்கு வயது 86. அப்படி உருவான கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு 2011-இல் கிராமி விருது பெற்றது. தாம்சன் 2012-இல் மறைந்தபோது அவருடைய மெட்டுகள் அடுத்தவர் கைக்கு வந்து சேர்ந்திருந்தன.

யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறும் வழக்கமான ஓப்பன் மைக்கில் இது நடப்பதில்லை. ஒவ்வொருவரும் தன் கிட்டாரோடு வந்து, தான் எழுதிய இரண்டு பாட்டைப் பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பாடுகிறவருக்கு அது நல்ல பயிற்சிதான். ஆனால் ஒருவர் பாட்டு இன்னொருவர் வாய்க்குப் போவதே இல்லை. அது போக வேண்டுமென்றால் மாலையை அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

படி 1: இடமும் நாளும்

முப்பது முதல் அறுபது நாற்காலி கொள்ளும் இடம் போதும். ஊர் நூலகம், தேவாலயத்தின் அடித்தளக் கூடம், கிராமப்புறமென்றால் விவசாயிகள் சங்கக் கட்டடமான கிரேஞ்ச் ஹால், அமைதியான காபிக் கடை எல்லாம் பொருந்தும். நூறு பேர் அமரும் கூடத்தில் இருபது பேர் வந்தால் பாடுகிறவர் மனம் உடைந்துபோகும். அதே இருபது பேர் சின்ன அறையில் இருந்தால் அறை நிறைந்துவிடும்.

பேசி முடிக்கும் முன், கடை திறந்திருக்கும் நேரத்தில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம், ஐஸ் பெட்டி, சுவரில் ஓடும் டிவி: இந்த மூன்றும்தான் மெல்லிய பாட்டைக் கொல்பவை. டிவியை அணைக்கவும், பாட்டு நடக்கும்போது அரைவை இயந்திரத்தை நிறுத்தவும் முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

வெள்ளி, சனி வேண்டாம். நன்றாக வாசிக்கிறவர்களுக்கு அன்று வேறு கச்சேரி இருக்கும். மாதத்தின் முதல் செவ்வாய் என்பதுபோல் ஒரே நாளைப் பிடித்துக்கொண்டு, ஆறு மாதம் மாற்றாமல் நடத்துங்கள். நாள் மாறிக்கொண்டே இருந்தால் வயதானவர்கள்தான் முதலில் வருவதை நிறுத்துவார்கள். பாட்டு இருப்பதோ அவர்களிடம்.

படி 2: நேரக் கணக்கு

மாலை 7 முதல் 10 வரை என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 10 நிமிடம், அதாவது இரண்டு பாட்டு. மேடை மாற 3 நிமிடம். எட்டுப் பேருக்கு 104 நிமிடம் ஆகும். வரவேற்பு 5, இடைவேளை 15, கடைசியில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் வட்டம் 45. மொத்தம் 169. மிச்சம் இருக்கும் 11 நிமிடத்தை எதற்கும் ஒதுக்காதீர்கள். அறுந்த கம்பியும் நீண்ட முன்னுரையும் அதைத் தின்றுவிடும்.

பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தால் ஆளுக்கு ஒரு பாட்டு என்று குறையுங்கள். வட்டத்தின் 45 நிமிடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

படி 3: பெயர்ப் பட்டியல்

6:30-க்குத் தாளில் பெயர் எழுதச் சொல்லி, 6:50-க்குச் சீட்டுக் குலுக்குங்கள். முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்று வைத்தால், தெரிந்தவர்கள் முன்வரிசை நேரத்தைப் பிடித்து, பாடி முடித்ததும் கிளம்பிவிடுவார்கள். எட்டாவதாகப் பாடும் புதியவர் காலி நாற்காலிகளைப் பார்த்துத்தான் பாட வேண்டியிருக்கும்.

சீட்டு எப்படி விழுந்தாலும் இரண்டு மாற்றம் செய்யலாம். முதல்முறை பாடுகிறவரை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வையுங்கள்: அதற்குள் கூட்டம் கேட்கப் பழகியிருக்கும், அவருக்கும் காத்திருந்து கை நடுங்காது. ஊரே கேட்க விரும்பும் மூத்த கலைஞர் இருந்தால் கடைசி இடம் அவருக்கு.

அடுத்துப் பாடப் போகிறவர் மேடைக்குப் பக்கத்தில் ஓர் ஓரத்தில் தயாராக நிற்க வேண்டும். சுருதி சேர்ப்பது அங்கேதான், மேடையில் அல்ல. குளிர்காலத்தில் காரிலிருந்து நேராக உள்ளே வந்த கருவி சூடேறச் சூடேறச் சுருதி நகரும். அதனால் வந்ததும் பெட்டியைத் திறக்காமல், இருபது நிமிடமாவது அறைச் சூட்டுக்குப் பழகவிடச் சொல்லுங்கள். கருவியின் தலையில் கவ்விச் சுருதி காட்டும் ட்யூனர் ஒன்று, கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கேப்போ ஒன்று, ஒரு செட் கிட்டார் கம்பி ஆகியவை உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும்.

படி 4: ஒரு பழைய பாட்டு

இந்த மாலைக்கு விதி ஒன்றே ஒன்று. இரண்டு பாட்டில் ஒன்று பழையதாக இருக்க வேண்டும். அதை யாரிடமிருந்து, எந்த ஒலிப்பதிவிலிருந்து எடுத்தார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். இன்னொன்று அவர் எழுதியதாகவே இருக்கட்டும்.

அந்த ஒரு வாக்கியத்தைச் சடங்காக நினைக்க வேண்டாம். பாஞ்சோ, மேற்கு ஆப்பிரிக்கக் கருவிகளின் நினைவோடு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உருவாக்கிய கருவி. பல பாடல்களில் அந்த வழித்தடம் அழிந்துபோனதற்கு ஒரு காரணம், பாடியவர்கள் யாரிடம் கற்றோம் என்று சொல்லாமல் விட்டது. ‘பாட்டி பாடுவார்’ என்றாலும் போதும், சொல்லட்டும். கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர் இடைவேளையில் வந்து, ‘அதை எனக்கும் சொல்லித் தாருங்கள்’ என்று கேட்பது பெரும்பாலும் அந்த வாக்கியத்திலிருந்துதான் தொடங்குகிறது.

படி 5: ஒலி

வேண்டியவை இவ்வளவுதான்: ஒலிகளைக் கலக்கும் எட்டு சானல் மிக்ஸர் (அதில் ஆறு மைக் உள்ளீடாவது இருக்க வேண்டும்), ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே உள்ள 10 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, பாடுகிறவர் தன் ஒலியைக் கேட்க ஒரு மானிட்டர் ஸ்பீக்கர், குரலுக்கு ஷ்யூர் எஸ்எம்58 மைக் இரண்டு, கருவிக்கு எஸ்எம்57 மைக் இரண்டு, கிட்டாரை மிக்ஸரில் இணைக்க டிஐ பெட்டி இரண்டு, பூம் ஸ்டாண்ட் நான்கு, 20 அடி எக்ஸ்எல்ஆர் கேபிள் பதினொன்று (இரண்டு உபரி), தரையில் கேபிளை ஒட்ட காஃபர் டேப். எஸ்எம்58 நூறு டாலர் அளவில் புதிதாகவே கிடைக்கும், கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது.

ஸ்பீக்கர் இரண்டும் மைக்குகளைவிட மூன்றடியாவது முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மைக்குக்குப் பின்னால் ஸ்பீக்கர் இருந்தால், வந்த ஒலியே திரும்ப மைக்குக்குள் போய் ஊளையிடும். எஸ்எம்58 தன் நேர் பின்பக்கத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே மானிட்டரை மைக்கின் வால் நோக்கும் திசையில் தரையில் வையுங்கள்.

ஊளை வந்தால் உடனே எல்லா ஒலியையும் குறைப்பதுதான் தொடக்கக்காரர்களின் பழக்கம். அதற்கு முன் மூன்றைப் பாருங்கள். யாரும் பயன்படுத்தாத மைக் திறந்திருக்கிறதா? திறந்த மைக்கின் எண்ணிக்கை இரட்டிப்பானால், ஊளைக்கு முன் கிடைக்கும் ஒலி 3 டெசிபல் குறையும். பாடுகிறவர் மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடித்திருக்கிறாரா? மூடினால் மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கிவிடும். வாய் ஓர் அடி தள்ளி இருக்கிறதா? மூன்று விரல் தூரத்துக்கு வரச் சொன்னால், மிக்ஸரில் ஏற்ற வேண்டியதே இருக்காது.

கருவிகளுக்கு வருவோம். கிட்டாரின் ஒலித்துளைக்கு நேரே மைக் வைக்காதீர்கள், ‘பொம் பொம்’ என்று அடைக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டை (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) நோக்கி, ஒரு சாண் தூரம் போதும். ஃபிடிலுக்கு மேலிருந்து ஒன்றரைச் சாண். பாஞ்சோ தானாகவே சத்தமானது என்பதால் பாதி இடங்களில் அதற்கு மைக்கே வேண்டாம். குரல் சானல்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அழுத்திவிடுங்கள். மேடையில் கால் தட்டும் அதிர்வு அதோடு போய்விடும்.

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) உள்ள கிட்டாரை நீளமான கேபிளில் நேராக மிக்ஸருக்கு இழுத்தால் ஒலி மங்கும், இரைச்சல் சேரும். அதற்குத்தான் டிஐ பெட்டி. ‘ம்ம்ம்’ என்று கரண்ட் முனகல் கேட்டால் பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை மாற்றிப் பாருங்கள். எதைச் செருகும்போதும், பிடுங்கும்போதும் அந்த சானலை மியூட் செய்ய மறக்காதீர்கள்.

புளூகிராஸ் குழு வந்தால் பழைய வழி ஒன்று உண்டு: அகலமான டயஃப்ரம் (ஒலியைப் பிடிக்கும் மெல்லிய தகடு) கொண்ட ஒரே கண்டன்சர் மைக். நான்கு பேர் அதைச் சுற்றி நின்று, பாடுகிறவர் முன்னே வர, மற்றவர்கள் பின்வாங்கித் தாங்களே சமநிலை பிடிப்பார்கள். அதற்கு மிக்ஸரில் 48 வோல்ட் ஃபாண்டம் பவரை (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட வேண்டும், மானிட்டரை அணைக்க வேண்டும். பேச்சுச் சத்தம் உள்ள அறையில் இது வேலை செய்யாது.

லூசியானாவின் யூனிஸ் ஊரில் சனிக்கிழமை காலைகளில் சவாய் மியூசிக் சென்டரில் கேஜன் இசைக்காரர்கள் கூடுவார்கள். அங்கே மைக்கே கிடையாது. உங்கள் அறையும் சிறியதென்றால், குரலுக்கு ஒரே மைக்கோடு நிறுத்திக்கொண்டு பாருங்கள்.

நடனமும் இந்த இசையின் பாதி. வர்ஜீனியாவின் ஃபிளாய்ட் கண்ட்ரி ஸ்டோரில் வெள்ளி இரவுகளில் காஸ்பல் முடிந்ததும் கூட்டம் காலால் தாளம் தட்டும் ஃபிளாட்ஃபுட் நடனம் ஆடத் தொடங்கிவிடும். ஆட விரும்புகிறவர்களுக்கு நான்குக்கு நான்கு அடி, முக்கால் அங்குல ப்ளைவுட் பலகை ஒன்றை ஓரமாகப் போட்டு வையுங்கள். குரல் மைக்கிலிருந்து ஆறடி தள்ளியே போடுங்கள்.

படி 6: வட்டம்

மைக்கை அணைத்துவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். உள்வட்டத்தில் எட்டு முதல் பன்னிரண்டு பேர், மெட்டு தெரியாதவர்கள் வெளிவட்டத்தில். சிகாகோவில் 1957-இல் தொடங்கிய ஓல்ட் டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக்கில் வகுப்பின் பிற்பாதியில் எல்லா நிலை மாணவர்களும் ஒன்றாகக் கூடி வாசிப்பது வழக்கம். அதே எண்ணம்தான் இதுவும்.

தொடங்குகிறவர் மெட்டின் பெயரையும் கட்டையையும் (ஆங்கிலத்தில் ‘கீ’) சொல்ல வேண்டும். ஒரே கட்டையில் நான்கைந்து மெட்டு வாசித்த பிறகே அடுத்த கட்டைக்கு மாறுங்கள். பாஞ்சோக்காரர்தான் காரணம்: டி கட்டைக்கு ஒரு சுருதி, ஏ கட்டைக்கு வேறு. ஒவ்வொரு மெட்டுக்கும் கட்டை மாறினால் அவர் சுருதி சேர்ப்பதைத்தான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கிட்டார்காரருக்குக் கட்டையின் முதல், நான்காம், ஐந்தாம் கார்டுகள் (ஸ்வரக் கூட்டுகள்) தெரிந்தால் பெரும்பாலான மெட்டுகளுக்குத் தாக்குப்பிடிக்கலாம்.

ஓல்ட்-டைம் மெட்டு வழக்கமாக இரண்டு பாகம் கொண்டது, ஒவ்வொன்றும் இருமுறை. எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்தே வாசிப்பார்கள், தனி ஆவர்த்தனம் கிடையாது. ஆறேழு சுற்றுக்குக் குறைக்காதீர்கள்; புதியவரின் காதில் மெட்டு உட்காருவது நான்காவது சுற்றுக்கு மேல்தான். கடைசிச் சுற்றில் தொடங்கியவர் காலைத் தூக்கிக் காட்டுவார், அதோடு எல்லோரும் நிறுத்துவார்கள். புளூகிராஸ் இப்படியல்ல. அதில் பாடுகிறவர் தலையசைத்து ஒவ்வொருவருக்காகத் தனி வாசிப்பைத் தருவார். இரண்டையும் ஒரே பாட்டில் கலந்தால் யாருக்கும் எப்போது வாசிப்பது என்று புரியாது. தொடங்கும் முன்பே எந்த முறை என்று சொல்லிவிடுங்கள்.

வேகத்தில்தான் பெரும்பாலான வட்டங்கள் உடைகின்றன. நடன வேகம் மெட்ரோனோமில் 110-க்கு மேல் ஓடும். முதல் 20 நிமிடம் 75-இல் வாசியுங்கள். கைதேர்ந்தவர்களுக்கு அலுப்பாக இருக்கும், இருக்கட்டும். வட்டத்தில் பாஞ்சோ இரண்டுக்கு மேல், டபுள் பேஸ் (ஆள் உயரக் கீழ்ச்சுருதிக் கம்பிக் கருவி) ஒன்றுக்கு மேல் வேண்டாம். தாளம் இரண்டு பக்கம் இழுக்கும்.

படி 7: உரிமம்

அமெரிக்காவில் காபிக் கடை, மதுக்கடை போன்ற வணிக இடங்கள் பாடலாசிரியர்களுக்காக உரிமத் தொகை வசூலிக்கும் அஸ்காப், பிஎம்ஐ, செசாக் போன்ற அமைப்புகளிடம் பொது நிகழ்ச்சி உரிமம் வைத்திருக்க வேண்டும். இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லாமல், பாடுகிறவருக்கும் நடத்துகிறவருக்கும் ஊதியம் இல்லாமல், லாப நோக்கும் இல்லாமல் நூலகம் போன்ற இடத்தில் நடத்தினால் சட்டத்தில் விலக்கு உண்டு. தேவாலயத்துக்கென்று தனியாக உள்ள விலக்கு வழிபாட்டுக்கு மட்டும்தான், கீழ்த்தளத்துக் கச்சேரிக்கு அல்ல.

பழைய பாட்டு என்பதாலேயே அது பதிப்புரிமை தீர்ந்த பொதுச் சொத்து ஆகிவிடாது. பொதுவாகப் பதிப்பாகி 95 ஆண்டு கடக்க வேண்டும். 2026 தொடக்க நிலவரப்படி 1930 வரை பதிப்பானவை பொதுவில் உள்ளன. ‘வில் தி சர்க்கிள் பி அன்புரோக்கன்’ நல்ல உதாரணம். 1907-இல் பதிப்பான தேவாலயப் பாடல் அது. ஆனால் இன்று பலரும் பாடும் சரணங்கள் கண்ட்ரி இசைக் குழுவான கார்ட்டர் குடும்பம் 1935-இல் பதிவு செய்த வடிவத்திலிருந்து வந்தவை. எதைப் பாடுகிறோம் என்று தெரிந்து பாடுவது நல்லது.

படி 8: பதிவு

பாடுகிறவர் சம்மதித்தால் மட்டும் பதிவு செய்யுங்கள், பெயர்ப் பட்டியலிலேயே அதற்கு ஒரு கட்டம் போட்டுவிடலாம். கையடக்க ரெக்கார்டரைக் கூட்டத்தின் முதல் வரிசைக்கு மேல், ஸ்டாண்டில் வையுங்கள். மிக்ஸரிலிருந்து மட்டும் எடுத்தால் பாஞ்சோவும் கூட்டம் சேர்ந்து பாடுவதும் பதிவாகாது. கோப்பின் பெயரில் தேதி, பாடியவர், பாட்டு, கட்டை நான்கும் இருக்கட்டும். படி 4-இல் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை வெட்டாமல் பாட்டோடு சேர்த்தே வைத்து, வேண்டுமென்று கேட்டவர்களுக்கு மறுநாளே அனுப்பிவிடுங்கள். அடுத்த மாத வட்டத்தில் வாசிக்க அவர்களுக்கு நான்கு வாரம் இருக்கும்.