ரொட்டி மாவில் நரம்புக் குழாய்: காடெரின் பாடத்தைக் கையால் நடத்தும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில், கோயில் மண்டபத்து டியூஷனில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு மூளையின் முதல் வடிவமான நரம்புக் குழாயைக் காட்ட நுண்ணோக்கி தேவையில்லை. ரொட்டி மாவு போதும்.

200 கிராம் கோதுமை மாவு, இரண்டு தேக்கரண்டி உப்பு, 110 மில்லி தண்ணீர். பாதி மாவை மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரிலும், மீதியை 20 சங்குப்பூ ஊறிய தண்ணீரிலும் பிசைந்து கால்மணி நேரம் மூடி வையுங்கள். மழை நாளில் தண்ணீரை 10 மில்லி குறையுங்கள். மாவு குழைந்தால் மடிப்பு நிற்காது.

18 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 5 மி.மீ. கனத்தில் ஒரு மஞ்சள் பட்டை; இருபுறமும் அதே அளவு நீலப் பட்டைகளை ஒட்டுங்கள். மஞ்சள், கருவில் குழாயாக மடியும் செல் அடுக்கான நரம்புத் தட்டு. நீலம் தோலாகப் போகும் புறப்படை. காடெரின் என்பது செல்லைச் செல்லோடு ஒட்டவைக்கும் புரதம்; அதில் பல வகை உண்டு. தொடக்கத்தில் இரண்டிலும் ஈ-காடெரின்தான் இருக்கும். குழாய் உருவாகும் சமயத்தில் மஞ்சள் செல்கள் என்-காடெரினுக்கு மாறுகின்றன. காடெரின் பெரும்பாலும் தன் இனத்தையே பிடிக்கும். அதனால் வெல்க்ரோவை உவமையாகக் காட்டாதீர்கள். அதில் கொக்கி வேறு, வளையம் வேறு. இந்தப் பிடிக்குக் கால்சியமும் வேண்டும்.

நடுக்கோட்டில் எண்ணெய் தடவிய பென்சிலை அழுத்தி, இரு ஓரத்தையும் தூக்குங்கள். நீலச் சரிவுகளுக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள். கருவில் மடிப்பைத் தருவது, செல்லின் மேல்முனையைச் சுருக்குப்பைபோல இழுக்கும் ஆக்டின் இழைகள். அவற்றைப் பக்கத்துச் செல்லோடு பிணைப்பது காடெரின். பிணைப்பு இல்லாவிட்டால் இழுத்தும் தட்டு வளையாது.

இனி வருவதுதான் முக்கியம். மஞ்சளும் நீலமும் சேரும் கோட்டை வெட்டி, நீலத்தின் உட்புறம் எண்ணெய் தடவுங்கள். மஞ்சளை மஞ்சளோடு ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு ஒட்டி, அதன் மேல் நீலத்தை நீலத்தோடு மூடுங்கள். ஆனால் ஒரு மாதிரியை எண்ணெய் இல்லாமலும் செய்து காட்டுங்கள்: குழாய் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தவளைக் கருவின் புறப்படையில் என்-காடெரினை வலிந்து உண்டாக்கி, இரண்டிலும் ஒரே காடெரின் இருக்கச் செய்தபோதும் குழாய் ஒழுங்காகப் பிரியவில்லை. 1955-ல் டவுன்ஸ், ஹோல்ட்ஃபிரெட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவாழ்விக் கருவின் செல்களைப் பிரித்துக் கலந்து பார்த்தார்கள். தோல் செல்கள் வெளியிலும் நரம்புச் செல்கள் உள்ளேயும் தாமாகவே அமைந்தன. பிள்ளைகள் கண் விரிய கேட்கும் இடம் இது, அவசரப்படாதீர்கள்.

மூடும் வரிசையும் பிசகக்கூடாது. கழுத்துப் பகுதியில், அதாவது தலைமுனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, இருபக்கமும் நகருங்கள். மனிதக் கருவில் இது சுமார் 22ஆம் நாள் தொடங்கும். தலைத் துளை 25ஆம் நாள் வாக்கிலும் வால் துளை 28ஆம் நாள் வாக்கிலும் அடைபடும். தலைப்பக்கம் திறந்தே நின்றால் மூளை முழுமையாக உருவாகாது. வால்பக்கம் நின்றால் பிளவு முதுகெலும்பு. பல தாய்மார்களுக்குக் கர்ப்பம் தெரியுமுன்பே இந்த நாட்கள் கடந்துவிடும். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருவுறுவதற்கு முன்பே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

நீலத்தை மூடுமுன் தையலில் 10 ஜவ்வரிசி வைத்தால் நரம்பு முகடும் தயார். அந்தச் செல்கள் காடெரின் பிடியைத் தளர்த்திக்கொண்டு நடந்துபோய் முக எலும்புகளாகவும் தோலின் நிறச் செல்களாகவும் ஆகின்றன.

பென்சிலைத் திருகி உருவி, நூலால் குறுக்கே அறுங்கள். துளையைச் சுற்றி மஞ்சள் வளையம், மேலே நீலப் படலம், இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எண்ணெய் போதவில்லை.