பிஎச்பி பிழைச்செய்தியை மறைக்கும்போது விடுகிற பிழைகள்

கல்லடியில் என்னிடம் பிஎச்பி (இணையத்தளம் எழுதும் மொழி) படிக்க வருகிற தம்பி, தங்கச்சிமார் இந்த மாதமும் அதையே செய்தார்கள். தளத்தின் உச்சியில் ஒரு வார்னிங் தெரிகிறது. உடனே முதல் வரியில் எரர்_ரிப்போர்ட்டிங்(0), அதாவது 'எந்தப் பிழையையும் சொல்லாதே' என்று எழுதிவிடுகிறார்கள். பக்கம் சுத்தமாகிறது, முகம் மலர்கிறது. நானும் அப்படித்தான் செய்தேன். வரி முடிவில் அரைப்புள்ளி மறப்பதெல்லாம் தானாகத் திருந்திவிடும். இது திருந்தாது.

பூச்சியம் போடுவது

பாசிக்குடாவில் ஒரு விடுதிக்கு முன்பதிவுப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். விபரம் ஒரு ஃபைலில் சேரும், பிறகு 'நன்றி, பதிவு கிடைத்தது' என்று காட்டும். தளத்தை வேறு சேர்வருக்கு மாற்றியபோது அந்த ஃபோல்டரில் எழுதும் அனுமதி போய்விட்டது. எழுத முடியாவிட்டால் பிஎச்பி நின்றுவிடாது. வார்னிங் ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகும். அதன் வாயைத்தான் நான் கட்டியிருந்தேன். நல்ல சீசன் நேரம், ஒன்றரை வாரமாக 'நன்றி' மட்டும் போய்க்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து பிள்ளைகளோடு வந்து இறங்கிய குடும்பத்துக்கு அறை இல்லை. விடுதிக்கார அண்ணன் போன் எடுத்த பிறகுதான், பிழைகள் பதிவாகிற லொக் ஃபைலைத் திறந்தேன். ஒரு வரிகூட இல்லை.

பிழையைத் திரையில் காட்டுவது வேறு, லொக்கில் பதிவது வேறு. பூச்சியம் போட்டால் இரண்டும் போய்விடும். எரர்_ரிப்போர்ட்டிங் எப்போதும் ஈ_ஆல் (எல்லாப் பிழைகளும்) ஆகவே இருக்கட்டும். திரையில் காட்டுகிற டிஸ்ப்ளே_எரர்ஸை அணையுங்கள், ஃபைலில் பதிகிற லொக்_எரர்ஸைப் போடுங்கள். அப்புறம், எழுதும் கட்டளை ஃபால்ஸ் என்று திருப்பித் தருகிறதா என்று பார்த்த பிறகே நன்றி சொல்லுங்கள்.

@ குறி

ஒரு கட்டளைக்கு முன்னால் இந்தக் குறியைப் போடுவதும் கிட்டத்தட்ட அதே பூச்சியம்தான், அந்த ஒரு கட்டளைக்கு மட்டும்.

இந்த அமைப்புகளைப் புரோகிராம் ஃபைலுக்குள்ளேயே எழுதுவது

ஃபைலில் இலக்கணப் பிழை இருந்தால் அந்த ஃபைல் ஓடவே ஓடாது. அதற்குள் எழுதிய, அமைப்பை மாற்றும் கட்டளையான ஐஎன்ஐ_செட்டும் ஓடாது. பிஎச்பி.ஐஎன்ஐ அல்லது .யூசர்.ஐஎன்ஐ என்ற அமைப்பு ஃபைலில் எழுதுங்கள். இரண்டாவதில் செய்த மாற்றம் வழக்கமாக 300 செக்கனுக்குள் பிடிக்கும். உடனே வரவில்லை என்று மாற்றி மாற்றிக் குழப்பாதீர்கள்.

லொக் ஃபைலை பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குள் வைப்பது

வேண்டாம், அது இணையத்துக்குத் திறந்திருக்கிற ஃபோல்டர். முகவரி தெரிந்த எவரும் திறந்து வாசிப்பார்.

பிழையால் வெறும் வெள்ளைப் பக்கம் வந்ததும் டிஸ்ப்ளே_எரர்ஸைத் திறப்பது

டேட்டாபேஸ் இணைப்பு அறுந்த நேரமாக இருந்தால், பிஎச்பி 8.2க்கு முந்திய பதிப்புகளில் கடவுச்சொல்லின் எழுத்துகளே திரைக்கு வரலாம். பக்கத்தை ஒருமுறை புதுப்பித்துவிட்டு லொக்கின் கடைசிப் பதிவைப் பாருங்கள். ஃபைல் பெயரும் வரி எண்ணும் அங்கே இருக்கும்.