புது அரங்கத்துக்குக் குடிபோகும் கால்பந்து கிளப்புகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 மார்ச் 10. லண்டன் அரங்கத்தில் வெஸ்ட் ஹாம் அணி பர்ன்லியிடம் தோற்றுக்கொண்டிருந்தது. ரசிகர்கள் சிலர் ஆடுகளத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் கார்னர் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போய் நடுவட்டத்தில் ஊன்றினார். ஆட்டம் 0-3 என முடிந்தது. தோல்வி ஒரு சாக்குதான். 112 ஆண்டுகள் ஆடிய போலின் மைதானத்தை 2016-இல் விட்டுவிட்டு, ஒலிம்பிக் போட்டிக்காகக் கட்டிய அரங்கத்துக்குக் குடிபோன நாள் முதல் சேர்ந்துவந்த ஆத்திரம் அன்று வெடித்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் 17 அன்று, அதே அரங்கத்தில் யூரோப்பா லீக் ஆட்டம். செவில்லாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் யார்மொலென்கோ கோல் அடிக்க, வெஸ்ட் ஹாம் 2-0 என வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. அன்றைய இரைச்சலைக் கேட்டவர்கள் அதை உயிரற்ற அரங்கம் என்று சொல்லத் தயங்குவார்கள்.

ஆகவே புது அரங்கம் கட்டினால் ஆட்ட நாளின் சூடு அடங்கியே தீரும் என்று விதி எதுவும் இல்லை. தானாக வந்து சேரும் என்று நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. இடம் மாறும் கிளப்புகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் சில இருக்கின்றன. கட்டடக் கலைஞரைத் திட்டுவது எல்லோருக்கும் எளிது. என் பார்வையில் பெரிய சேதம் நடக்குமிடம் டிக்கெட் அலுவலகம்.

பாடுகிறவர்களைப் பிரித்து உட்கார வைப்பது

ஒரு பாட்டு அரங்கத்தில் எப்படிப் பரவுகிறது என்று கவனித்துப் பாருங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் எங்கோ ஒருவர் தனியாக முதல் வரியை எடுத்துக்கொடுக்கிறார். அந்த வரி முடிவதற்குள் பக்கத்தில் நான்கைந்து பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது வரியில் ஐம்பது பேர், பல்லவிக்குத் திரும்பும்போது அந்தப் பகுதி முழுவதும். நான்கைந்து பேர் பிடிக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. எடுத்துக்கொடுத்தவர் இன்னொரு முறை முயல்வார். முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்ப்பார். அதற்குப் பிறகு அந்த மனிதர் அந்தப் பருவம் முழுவதும் வாயைத் திறக்கமாட்டார்.

பழைய மைதானத்தில் அந்த நான்கைந்து பேர் இருபது வருடமாக அதே இடத்தில் நிற்பவர்கள். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல்கூட இருக்கலாம், ஆனால் குரல் தெரியும். புது அரங்கத்துக்கு மாறும்போது கிளப் என்ன செய்கிறது? சீசன் டிக்கெட் வைத்திருப்போரைச் சேர்ந்த ஆண்டின்படி வரிசைப்படுத்தி, ஒவ்வொருவராகக் கணினியில் இருக்கை தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. நியாயமான முறைதான். ஆனால் மூத்தவர் நடுக்கோட்டுக்கு எதிரே நல்ல காட்சி கிடைக்கிறதென்று போய்விடுகிறார். அவருடைய மகனுக்கு மேலடுக்கு. இன்னொருவருக்குப் புது விலை கட்டுப்படியாகவில்லை. பத்தே நாளில், யாரும் திட்டமிடாமல், ஒரு பாடகர் குழு கலைந்துவிடுகிறது.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு ஆகாது. தனி ஆட்களுக்குத் திறப்பதற்கு முன்பே குழுக்களாகப் பதிவுசெய்ய வழிவிட வேண்டும். கோல் கம்பத்துக்குப் பின்னாலுள்ள ஒரு பகுதியைப் பாடுவதற்கென்றே ஒதுக்கி, விலையைக் குறைத்து, இளைஞர்களுக்கு அதில் நிச்சயமான பங்கு தர வேண்டும். பாடத் தொடங்குகிறவர் யார் என்பது கிளப்புக்குத் தெரியாவிட்டால் ரசிகர் சங்கங்களுக்கு நிச்சயம் தெரியும். அவர்களைக் கேட்டுவிட்டு வரைபடத்தில் கோடு போடலாம்.

ஆர்சனல் 2006-இல் ஹைபரியிலிருந்து எமிரேட்ஸுக்குப் போனபோது 38,000 பேர் கொள்ளும் இடத்திலிருந்து 60,000 பேர் கொள்ளும் இடத்துக்குப் போனது. கூடுதலாக வந்த இருபத்திரண்டாயிரம் பேர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அந்த அரங்கம் அமைதியாக இருக்கிறது என்ற கேலி பல ஆண்டுகள் ஓய்வில்லாமல் தொடர்ந்தது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஹைபரியையே 'நூலகம்' என்று எதிரணி ரசிகர்கள் கிண்டல் செய்திருக்கிறார்கள். இடித்துவிட்ட மைதானங்கள் எல்லாம் நினைவில் கொஞ்சம் சத்தமாகவே ஒலிக்கின்றன.

ஓடுதளத்தை விட்டுவைப்பது

கால்பந்துக்கும் தடகளத்துக்கும் ஒரே அரங்கம் என்பது கணக்குப் புத்தகத்தில் அழகாகத் தெரியும். 1990 உலகக் கோப்பைக்காக டூரினில் கட்டிய டெல்லே ஆல்பி அரங்கத்தில் ஏறத்தாழ 69,000 இருக்கைகள் இருந்தன, ஆடுகளத்தைச் சுற்றி ஓடுதளமும் இருந்தது. 2001-02 பருவத்தில் சாம்ப்டோரியாவுக்கு எதிரான இத்தாலியக் கோப்பை ஆட்டத்துக்கு யுவென்டஸ் அணியைப் பார்க்க அங்கே வந்தவர்கள் 237 பேர். அச்சுப் பிழை இல்லை, இருநூற்று முப்பத்தேழு.

யுவென்டஸ் அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 41,000 பேருக்கு மட்டும் ஒரு அரங்கம் கட்டி 2011 செப்டம்பரில் திறந்தது. முன்வரிசைக்கும் ஆடுகளத்துக்கும் இடைவெளி சுமார் 7.5 மீட்டர். அதற்குப் பிறகு அந்த அணி தொடர்ந்து ஒன்பது முறை இத்தாலிய லீக்கை வென்றது. அதற்கு அரங்கம் மட்டுமே காரணம் என்று சொன்னால் பயிற்சியாளர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் காலியிடத்தைக் குறைத்துக் கூட்டத்தை நெருக்கியது வீண்போகவில்லை.

தூரம் கண்ணை மட்டும் ஏமாற்றுவதில்லை. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. இரண்டு கோல் பக்கக் கூட்டங்களுக்கும் இடையில் 170 மீட்டர் இருந்தால், அங்கே தட்டிய கை இங்கே கேட்க அரை விநாடி ஆகும். நிமிடத்துக்கு 120 முறை கைதட்டும் தாளத்தில் இரண்டு தட்டலுக்கு நடுவே உள்ள இடைவெளியும் அதே அரை விநாடிதான். எதிர்ப்பக்கத்தோடு சேர்ந்து தட்டுகிறோம் என்று நினைக்கும்போதே நாம் ஒரு தட்டல் பிந்தியிருப்போம். பெரிய வட்ட அரங்கங்களில் பாட்டு பாதியில் கலைந்து வெறும் இரைச்சலாகிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

கூரையைப் பற்றிக் கடைசியில் யோசிப்பது

கான்கிரீட்டும் உலோகத் தகடும் ஒலியைத் திருப்பி அனுப்பும். இலேசான துணிக் கூரை ஒலியை, அதிலும் அடித்தொண்டைக் குரல்களை, வெளியே கசியவிடும். சரி, எல்லாவற்றையும் கடினமாகக் கட்டிவிடலாமே என்றால் வேறொரு தேவை குறுக்கே வருகிறது. ஆபத்து நேரத்தில் ஒலிபெருக்கியில் சொல்வது ஒவ்வொருவருக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும். எதிரொலி மிகுந்தால் சொற்கள் குழம்பும். அதனால் பொறியாளர்கள் ஒலியை உறிஞ்சும் பலகைகளைப் பொருத்துவார்கள். எங்கே பொருத்துகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாடும் பகுதிக்கு மேலே கூரையைக் கடினமாக விட்டு, உறிஞ்சும் பலகைகளை வேறு இடங்களுக்கு நகர்த்தலாம். ஒலி வல்லுநரை வடிவமைப்பின் முதல் மாதத்தில் அழைத்தால் இது முடியும். கட்டி முடித்த பிறகு அழைத்தால் அவர் கையில் ஒலிபெருக்கியைத் திருகுவதைத் தவிர வேலை இருக்காது.

டாட்டன்ஹாம் இதை முன்கூட்டியே யோசித்தது. 2019 ஏப்ரலில் திறந்த அதன் அரங்கத்தில் தெற்குப் பக்கம் முழுவதும் 17,500 இருக்கைகள் கொண்ட ஒரே செங்குத்தான அடுக்கு. ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஏறத்தாழ 25,000 பேர் நின்று பார்க்கும், 'மஞ்சள் சுவர்' எனப்படும் ரசிகர் அடுக்குதான் அதற்கு முன்மாதிரி. எவர்ட்டனும் 2025-இல் திறந்த தன் புது அரங்கத்தில் சுமார் 13,000 பேருக்குச் செங்குத்தான ஒற்றை அடுக்கு கட்டியிருக்கிறது. ஒரே அடுக்கு என்பதில்தான் பலன். நடுவே கண்ணாடி அறைகளைச் செருகினால் மேலே பாடுவது கீழே போய்ச் சேராது.

மழையையும் மறக்கக்கூடாது. ஸ்பெயினில் பில்பாவோவின் புது சான் மாமேஸ் அரங்கம் 2013-இல் திறந்தது. கூரை இருந்தும் ரசிகர்கள் நனைந்தார்கள். 2016-இல் கூரையை நீட்ட வேண்டியதாயிற்று.

நல்ல இடங்களைக் காலியாக விடுவது

லண்டனில் 2007-இல் திறந்த புது வெம்ப்ளி அரங்கத்தில் நடு அடுக்கு முழுவதும் உயர்விலை இருக்கைகள். இரண்டாம் பாதி தொடங்கி வெகுநேரம் ஆன பிறகும் அந்தச் சிவப்பு இருக்கைகள் வெறிச்சோடிக் கிடப்பதைத் தொலைக்காட்சி கேமரா நேராகக் காட்டியது. இருக்கைக்காரர்கள் உள்ளே உணவுக் கூடத்தில் இருந்தார்கள். விலையுயர்ந்த இருக்கைகள் கிளப்புக்கு வேண்டும், அந்தப் பணம்தான் கடனை அடைக்கிறது. அவற்றைக் கேமரா இருக்கும் பக்கத்துக்கு மாற்றுவது எளிய தீர்வு. எந்நேரமும் ஆள் நிற்கும் பகுதி கேமராவுக்கு எதிரே வரட்டும்.

அளவுக்கு மீறிக் கட்டுவதும் இதே குடும்பத்துத் தவறு. இங்கிலாந்தின் டார்லிங்டன் கிளப் 2003-இல் 25,000 இருக்கைகள் கொண்ட அரங்கத்துக்குப் போனது. அன்றாடம் வந்தவர்கள் சில ஆயிரம் பேர். கடலில் கரைத்த பெருங்காயம் போல அவர்கள் சத்தம் மறைந்தது. கிளப் நொடித்து 2012-இல் அந்த இடத்தை விட்டே வெளியேறியது.

நிற்பதைக் குற்றமாகப் பார்ப்பது

1989-இல் ஹில்ஸ்பரோவில் நேர்ந்த நெரிசலால் 97 பேர் இறந்தார்கள். அதன் பிறகு இங்கிலாந்தின் மேல்மட்ட மைதானங்கள் முழுவதும் இருக்கைகளாக மாறின. அதற்கான காரணத்தை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் இன்று ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவு கம்பியும் மடக்கு இருக்கையும் கொண்ட அமைப்பு இருக்கிறது. ஒருவருக்கு ஓர் இடம், முன்னால் சரிந்து விழ வழியில்லை. ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப் 2016-இல் இதை வைத்தது. இங்கிலாந்தில் 2022 ஜனவரியில் உரிமத்தோடு சோதனை முறையில் தொடங்கி, அடுத்த பருவத்திலிருந்து நிலைபெற்றது. புதிதாகக் கட்டுகிறவர்கள் இந்தக் கம்பிகளைப் பொருத்துவதற்கேற்பப் படிகளை முதலிலேயே வார்த்துவிட வேண்டும். பிறகு உடைத்து மாற்றுவது வீண் செலவு.

நினைவுச் சின்னத்தை வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்பது

மிடில்ஸ்பரோ பழைய ஏர்சம் பார்க்கின் வாசற்கதவுகளைப் புது ரிவர்சைடு அரங்கத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆட்ட நாள் வாசற்கதவில் தொடங்குவதில்லை. பிரென்ட்ஃபர்டின் பழைய கிரிஃபின் பார்க்கில் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு மதுவிடுதி இருந்தது. ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே பாட்டு அங்கே தொடங்கிவிடும். அப்படி ஒரு தெருவை விட்டுவிட்டு, வாகன நிறுத்துமிடம் சூழ்ந்த புறநகருக்குப் போகும் கிளப் தன் ரசிகர்களைத் தொண்டை காய்ந்த நிலையில்தான் உள்ளே அனுப்புகிறது. கூடுமானவரை பழைய இடத்திலோ நடந்துபோகும் தூரத்திலோ கட்டுவது நல்லது. முடியாதபோது ரயில் நிலையத்திலிருந்து அரங்கம் வரை எல்லோரும் சேர்ந்து நடக்க ஒரே பாதையாவது வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோல் விழுந்த நொடியில் ஒலிபெருக்கியில் இசையை அலறவிடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. கூட்டம் தானாகக் கத்தும் அந்தப் பத்து விநாடியையும் இயந்திரம் பிடுங்கிக்கொள்கிறது.

பெர்லினின் யூனியன் கிளப்பிடம் 2008-இல் தன் மைதானத்தைப் புதுப்பிக்கப் பணம் இல்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் ஊதியமின்றி ஏறத்தாழ 1,40,000 மணி நேரம் வேலை செய்து அதைக் கட்டிமுடித்தார்கள். 2009 ஜூலையில் மைதானம் திறந்தது. இன்று அங்கே இடம் 22,000 பேருக்கு, அதில் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் நின்றுதான் பார்க்கிறார்கள். பழைய ஸ்கோர் பலகையை அவர்கள் தூக்கிப்போடவில்லை. கோல் விழுந்தால் எண்ணை ஒருவர் கையால்தான் மாற்றுகிறார்.