ஹனிமூன் க்ரூஸுக்கு எந்த கேபின் போடறது?

நம்ம குன்னூர், கோத்தகிரி பக்கத்துல இருந்து கல்யாணம் முடிஞ்சு க்ரூஸ் கப்பல்ல போற ஜோடிங்களுக்கு முதல்ல சொல்றது, பட்ஜெட் இடம் கொடுத்தா பால்கனி கேபின் போடுங்க. காலையில கதவத் திறந்ததும் மூஞ்சில காத்து அடிச்சுப் பழகினவங்க நாம, இன்டீரியர் கேபின்ல ஜன்னலே கிடையாது, லைட்ட அணைச்சா பகலா ராத்திரியான்னே தெரியாது. ரேட் கம்மிதான், ரெண்டு ராத்திரி ட்ரிப், ரூமுக்கு தூங்க மட்டும்தான் வருவோம்னா அது போதும். ஓஷன் வியூல கண்ணாடி வழியா கடல் தெரியும், ஆனா பெரும்பாலும் திறக்க முடியாது.

அடுத்தது கேபின் இருக்கிற இடம், இத நிறைய பேர் பாக்கறதே இல்ல. கல்லட்டி ரோட்டு 36 கொண்டை ஊசி வளைவுல வாந்தி வர்ற ஆளா இருந்தா கப்பலோட நடுவுல, கீழ் டெக்ல, அதாவது கீழ் தளத்துல எடுங்க, ஆட்டம் அங்கதான் கம்மி, முன்பக்கமும் மேல் டெக்கும் போகப்போக ஜாஸ்தியாகும். டெக் பிளான், அதாவது ஒவ்வொரு தளத்தோட வரைபடம் வாங்கி, ரூமுக்கு மேலயும் கீழயும் என்ன இருக்குன்னு பாருங்க, தலைக்கு மேல டான்ஸ் ஹால் இருந்தா தூக்கம் போச்சு. ஆபத்துக்குன்னு கப்பல்ல மாட்டியிருக்கிற லைஃப்போட் படகு வியூவ மறைக்குதான்னும் கேளுங்க. கேரண்டி கேபின்னு சீப்பா கொடுப்பாங்க, அதுல ரூம் நம்பர அவங்கதான் முடிவு பண்ணுவாங்க, ஹனிமூனுக்கு அது வேண்டாங்க. புக் பண்ணும்போதே ரெண்டு கட்டிலயும் சேத்துப் போடச் சொல்லிடுங்க.